தூக்கம் துறந்த செம்மல்

ஊஞ்சக்காடு பேரூராட்சியின் ஏழாவது வார்டு உறுப்பினர் கோகிலவாணி, பதவியேற்ற நாளிலிருந்து பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். இது குற்றச்சாட்டு இல்லை. ஒப்பந்தம்.

அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் தூங்குவதே இல்லை. இதுவும் அதே ஒப்பந்தம்தான். ஆனால் ஊரில் இதற்குச் சாதனை என்று பெயர். பேருந்து நிலையத்துக்கு எதிரே ‘உறக்கம் தோற்றது, உழைப்பு வென்றது’ என்று அவர் படத்தோடு ஒரு பதாகை நின்றது. படத்தில் கண்கள் அத்தனை அகலமாகத் திறந்திருந்ததால், காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் எதிர்ச்சாரியில் நடந்தார்கள்.

ஏற்பாட்டைச் செய்துகொடுத்தது அனந்தல் என்ற நிறுவனம். தூக்கத்துக்கு ஏதோ பழந்தமிழ்ச் சொல்லாம். பெயர் மட்டும்தான் தமிழ், ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். இரண்டு பேருடைய காதுக்குப் பின்னாலும் பட்டாணி அளவில் ஒரு வில்லை ஒட்டுவார்கள். அப்புறம் ஒருவருடைய தூக்கத்தை மற்றவர் தூங்கிவிடலாம். வெளியாளை அமர்த்தினால் சம்பளம் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே ஆள் இருந்தால் ‘குடும்பத் திட்டம்’.

குடும்பத் திட்டத்தில் கோகிலவாணி காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் விழித்திருக்கலாம். பயனரின் வசதிக்கேற்ற அட்டவணை என்றது நிறுவனம். காலையில் இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, மகள் தாரணியைப் பள்ளிக்கு அனுப்பி, பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதற்கும், மாலையில் இதையே தோசையாகச் செய்வதற்கும் நேரம் கச்சிதமாக இருந்தது. பயனர் யார் என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை.

தூக்கத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவருடைய கனவுகளும் அவளுக்கே வந்து சேர்ந்தன. மாலை, மைக், வரவேற்பு வளைவு, அப்புறம் வாரத்துக்கு இரண்டு தரம் ஒரு சிலை திறப்பு. வெண்கலம். முழு உருவம். துணியை விலக்கியதும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு நாளாவது தன் முகம் தெரிகிறதா என்று அவள் தேடிப் பார்த்திருக்கிறாள். தெரிந்ததில்லை.

ஏழாவது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதால்தான் சென்னியப்பன் அவளைத் தேர்தலில் நிறுத்தினார். அவள் ஜெயித்தாள், கூட்டத்துக்கு அவர் போனார். ஊஞ்சக்காட்டில் இது புதிதில்லை. பெண் உறுப்பினரின் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்துகொண்டு, “அவங்களுக்குக் கொஞ்சம் ஒடம்பு செரியில்லீங்க” என்று சொல்வது வழக்கம். வில்லை வந்த பிறகு பொய் சொல்லவும் தேவையில்லாமல் போயிற்று. விதியே வந்துவிட்டது: வில்லையால் இணைந்த இருவரில், கூட்டத்தின்போது விழித்திருப்பவரே உறுப்பினர், இருவரும் விழித்திருந்தால், ஏற்கெனவே நாற்காலியில் இருப்பவர். கையெழுத்து, கைதூக்கல், வில்லை சம்பந்தமான விண்ணப்பம், எல்லா உரிமையும் அந்த ‘விழிப்பு உறுப்பினர்’ பக்கம். மேலிடம் வரைக்கும் நடந்து அலைந்து இந்த விதியைக் கொண்டுவந்தவர் சென்னியப்பனே. அதற்காக ஒரு பாராட்டு விழாவும் நடந்தது. அதையும் கோகிலவாணி கனவில் பார்த்தாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கொட்டாவி வந்தது.

உள்ளூர் கேபிளில் நேரடி ஒளிபரப்பு. “தூக்கங்கறது வெறும் பழக்கமுங்க. மனுசன் நெனச்சா…” என்று சொல்லி, நினைத்தால் என்ன என்பதைச் சொல்லாமல், சென்னியப்பன் வாயைத் திறந்தார். கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்தது தெரியும்வரை திறந்தார். அடுத்த நாள் அது ஊரில் எல்லோர் கைப்பேசியிலும் இருந்தது.

நிறுவனத்திலிருந்து பிரணவ் என்ற இளைஞன் ஓடிவந்தான்.

“மேடம், நேத்து காபி குடிச்சீங்களா?”

“பெரியம்மா பையன் ஊட்டுப் புதுமனை. ஒரு டம்ளர் கொடுத்தாங்க. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?”

“அதான் சார் விஷயம்” என்று பிரணவ் சென்னியப்பன் பக்கம் திரும்பினான். “முழிச்சிருக்கும்போது மூளையில சாம்பல் மாதிரி ஒண்ணு சேரும். அடுப்பு எரிஞ்சா சேருமே, அந்த மாதிரி. அது சேரச் சேரத் தூக்கம் வரும். தூங்கினா கூட்டிப் பெருக்கின மாதிரி. உங்க சாம்பலை மேடம் வாசல்ல கொண்டுபோய்க் கொட்டறதுதான் எங்க வில்லையோட வேலை.”

“அது தெரியும். காபிக்கும் அதுக்கும் என்ன?”

“காபி சாம்பலை எடுக்காது சார். கதவைச் சாத்திரும், அவ்வளவுதான். மேடம் பக்கம் கதவு சாத்தியிருந்தா, சாம்பல் எந்தப் பக்கம் திறந்திருக்கோ அந்தப் பக்கம் போகும். உங்களோடது, மேடத்தோடது, எல்லாம் சேர்ந்து உங்ககிட்ட.”

“எத்தனை நேரம் சாத்தியிருக்கும்?” என்று கேட்டது கோகிலவாணி.

அவள் கேட்பாள் என்று இருவரும் எதிர்பார்க்கவில்லை. “குடிச்சு அஞ்சாறு மணி நேரம் ஆனாலும் பாதி உடம்புலயே உட்கார்ந்திருக்கும் மேடம். சாயங்காலம் காபி குடிச்சுட்டு ராத்திரி ஃபேனைப் பார்த்துட்டுப் படுத்திருக்காங்கல்ல, அதனாலதான். ஒரு டம்ளர்னா ஒரு கொட்டாவியோட போயிடும். நாலஞ்சுன்னா…” பிரணவ் நிறுத்திக்கொண்டான்.

“நாலஞ்சுன்னா?”

“அப்படி வராம பார்த்துக்குவோம் சார். வந்தாலும் நீங்க ஒரு காபி குடிச்சா உங்க கதவும் சாத்திரும், கொஞ்ச நேரம் தாங்கும்.”

அன்றைக்கே, விருந்தாளிகளுக்கென்று வீட்டில் வைத்திருந்த காபித்தூள் டப்பா போயிற்று. பித்தளை ஃபில்டர் பரணுக்குப் போயிற்று. ஆனால் மனைவி குடிக்கக் கூடாது என்பதற்காகத் தூக்கிப் போட்டேன் என்று வெளியில் சொன்னால் நன்றாகவா இருக்கும்? அடுத்த பேரூராட்சிக் கூட்டத்தில் சென்னியப்பன் எழுந்து நின்று, “காபிங்கறது பலவீனனோட ஊன்றுகோல். இந்த நிமிசத்துலருந்து என் உதட்டுல காபி படாது!” என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்னாள் தலைவர் வெள்ளியங்கிரி மட்டும் தட்டவில்லை. அவருக்கு மலைமேல் காபித் தோட்டம் இருந்தது.

ஒரு நாள் மாலை, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது தாரணி ஒரு படத்தை நீட்டினாள். தலைப்பு: எங்கள் குடும்பம். அப்பா மைக்கோடு நின்றார். அடுப்பு முன்னால் முதுகு காட்டியபடி ஓர் அம்மா. கட்டிலில் இன்னொரு அம்மா.

“என்ன சாமி, ரெண்டு அம்மா வரஞ்சிருக்கே?”

“இது சமைக்கிற அம்மா, அது தூங்குற அம்மா.”

“பேசுற அம்மா எங்கே?”

“பேசறதெல்லாம் அப்பாதானே?” என்றாள் தாரணி. ஓரம் முறுகலாக வேண்டும் என்றும் சொன்னாள்.

கோகிலவாணி தோசையை முறுகலாகவே எடுத்தாள். தேர்தலுக்கு முன் இந்தப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு அவள் வார்டு முழுக்கப் பேசியிருக்கிறாள். சாக்கடை எங்கே அடைக்கிறது என்று தெருவாரியாகச் சொல்வாள். இப்போது அந்தத் தெருக்களின் பெயர்களை நினைத்துப் பார்த்தாள். நான்காவது தெருவோடு நின்றுவிட்டது.

அந்த வாரமே தீர்மானம் வந்தது. பேரூராட்சியின் சமுதாயக் கூடத்தை அனந்தல் நிறுவனத்துக்கு நீண்ட குத்தகைக்கு விடுவது. அங்கே கட்டில்கள் போடுவார்கள். ஏழாவது வார்டுப் பெண்கள் வந்து படுத்து, நகரத்துப் பெரிய மனிதர்களின் தூக்கத்தைத் தூங்குவார்கள். சம்பளம் உண்டு. இப்போதைக்கு அந்தக் கூடத்தில் பெண்கள் தையல் பழகிக்கொண்டிருந்தார்கள்.

உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். மிச்சம் ஒரே ஓட்டு, ஏழாவது வார்டு.

“ஏனுங்க, அந்தத் தீர்மானம் எனக்குப் பிடிக்கலீங்க” என்றாள் கோகிலவாணி, இட்லித் தட்டை வைத்துக்கொண்டே.

“உனக்கு என்ன புள்ளே தெரியும்? வேலைவாய்ப்பு. படுத்துட்டே சம்பாரிக்கலாம்.”

“நான் படுத்திருக்கறனே, எனக்குத் தெரியாதுங்களா?”

“நீ குடும்பம். அது தொழில்.”

“அது என்ற ஓட்டுங்க.”

“உன்ற ஓட்டுதான். இல்லைன்னு யாரு சொன்னா?” சென்னியப்பன் கை கழுவினார். “போடறதுதான் நானு.”

கூட்டத்தன்று மாலையே அதே சமுதாயக் கூடத்தில் இன்னொரு விழாவும் முடிவாகியிருந்தது. தலைவர் நாச்சிமுத்து, சென்னியப்பனுக்கு ‘தூக்கம் துறந்த செம்மல்’ என்று பட்டம் சூட்டுகிறார். தலைமை வெள்ளியங்கிரி. தீர்மானத்தை ஆதரிக்கும் இரண்டு உறுப்பினர்கள் அவர் கண்ணைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள் என்பதால் தலைமையை அவருக்குக் கொடுத்தார்கள்.

பத்திரிகை முன்பே கொடுத்தாயிற்று. ஆனால் அந்த ஊரில் பத்திரிகை வெறும் காகிதம். விசேஷத்தன்று காலையில் வீட்டுக்காரம்மா குங்குமத் தட்டோடு வந்து வாசலில் நின்று கூப்பிட்டால்தான் அழைப்பு. இல்லாவிட்டால், “எங்களை யாரு கூப்பிட்டாங்க?” என்று வருடக் கணக்கில் கேட்பார்கள்.

“காலையிலயே போய் வார்டு முழுக்கக் கூப்பிட்டுட்டு, உன்ற நேரம் முடியறதுக்குள்ள வந்து படுத்துரு” என்றார் சென்னியப்பன். “எந்த ஊட்டுலயும் காபிய வாயில வெக்காதே. அல்சர்னு சொல்லிரு.”

“செரீங்க.”

“மொதல்ல யாரு ஊட்டுக்குப் போறே?”

“வெள்ளியங்கிரி ஐயா ஊட்டுக்குத்தானுங்க. பெரியவங்களுக்கு மொத மரியாதை.”

மரியாதை என்ற சொல் காதில் விழுந்தால் சென்னியப்பனின் தலை தானாக ஆடும். ஆடியது.

வெள்ளியங்கிரி வீட்டுக் கூடத்தில் அவருடைய படமும், அவர் தோட்டத்தின் படமும், தோட்டத்துக் காபிக்கு எப்போதோ கிடைத்த ஒரு கேடயமும் இருந்தன. கோகிலவாணி குங்குமம் கொடுத்தாள், கும்பிட்டாள், முறையாக அழைத்தாள். உள்ளேயிருந்து காபி வந்தது. வாசனை அவளுக்கு முன்னாலேயே வந்து நின்றது.

“எடுத்துக்க அம்மிணி.”

“வேண்டாமுங்கய்யா.”

“சூடு ஆறட்டுமா?”

“இல்லீங்க. குடிக்கக் கூடாதுங்க.”

“ஏன், வயித்துக்கு ஏதாச்சுமா?”

இந்த இடத்தில் அல்சர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

“வயிறு நல்லாத்தானுங்க இருக்குது. அவருதான், வெள்ளியங்கிரி ஐயா ஊட்டா இருந்தாலும் செரி, காபிய மட்டும் வாயில வெக்காதேன்னு சொல்லி உட்டாருங்க.”

வெள்ளியங்கிரியின் மீசை ஒரு பக்கமாக ஏறியது. “எங்க ஊட்டுக் காபியவா?”

“பலவீனனோட ஊன்றுகோல்னு சொல்லுவாருங்க” என்றாள் கோகிலவாணி, மிகுந்த பணிவோடு.

கைப்பேசி வெளியே வந்தது. மறுமுனையில் சென்னியப்பன், “ஐயா, வணக்கமுங்கய்யா!” என்று ஆரம்பித்தது கூடம் முழுக்கக் கேட்டது.

“என்னப்பா சென்னியப்பா, ரெண்டு தலைமுறையா இந்த ஊட்டுக் காபியக் குடிக்காதவன் இந்த ஊருல கெடையாது. கவர்னரு குடிச்சிருக்காரு. உன்ற ஊட்டுக்காரி குடிக்கக் கூடாதா? அப்ப நான் எதுக்கு உன்ற விழாவுக்குத் தலைமை? எதுக்கு எங்க ஆளுக கை தூக்கோணும்?”

“ஐயா, ஐயா! அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. போனை அவகிட்ட கொடுங்க.”

கோகிலவாணி வாங்கிக்கொண்டாள். “ஏனுங்க, அந்தப் பிரணவ் தம்பி சொன்னாருங்களே…”

“ஒரு டம்ளருக்கு ஒரு கொட்டாவி. வாயை மூடி முழுங்கிக்குவேன். குடிச்சுத் தொலை!”

“அப்ப நீங்க சொல்லித்தான் குடிக்கறனுங்க.”

“நான் சொல்லித்தான்! குடி!”

அவள் குடித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு, நாக்கின் அடியில் அந்தக் கசப்பு வந்து உட்கார்ந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. சூடு அதிகம் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெள்ளியங்கிரி மனம் குளிர்ந்து, “இன்னொரு டம்ளர் கொண்டாங்க” என்றார். பெரியவர் சொல்லை எப்படித் தட்டுவது?

அடுத்த வீட்டுக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. “அவங்க ஊட்டுல ரெண்டு டம்ளர் குடிச்சீங்களாமா? எங்க ஊட்டுல ஒண்ணாச்சும் குடிக்காம எப்படி?” அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஒரு வீட்டில் சிக்கரி தூக்கலாக இருந்தது. ஒரு வீட்டில் கருப்பட்டி. ஒரு வீட்டில் பால் மட்டும்தான் காபியென்று நம்பினார்கள், அங்கே டிகாக்‌ஷன் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

ஒவ்வொரு வீட்டிலும் டம்ளர் காலியாகும்வரை பேச நேரம் கிடைத்தது. சமுதாயக் கூடத்தைப் பற்றிக் கேட்டாள். தையல் பழகும் சிவகாமி, “காசு வருமாமுல்லக்கா? வந்தா நல்லதுதானே?” என்றாள்.

“காசு வரும். ஒரு சேலை எடுக்கலாம். கட்டிட்டு எங்க போவே?”

சிவகாமி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“என்ற புள்ள, தூங்குற அம்மான்னு தனியா ஒரு அம்மாவ வரஞ்சு வெச்சிருக்குது” என்றாள் கோகிலவாணி. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கடைசியாக ஷகிலா பானு வீடு. பதினோராவது வார்டு உறுப்பினர். வீட்டுக்காரரை அனுப்பாமல் கூட்டத்துக்குத் தானே வரும் ஒரே பெண் உறுப்பினர் என்பதால், அவரை எல்லோரும் ‘வாயாடி’ என்று அழைத்தார்கள்.

“அக்கா, எங்க வீட்டுல டீதான்.”

“அதுலயும் அதே சரக்கு கொஞ்சம் இருக்குதாமா. கொடு.”

“கை நடுங்குதேக்கா!”

“நடுங்கட்டும். நெஞ்சுகூட மத்தளம் அடிக்குது. தூக்கிக் காட்டறதுக்கு ஒரு கை போதும்.”

வழக்கமாக இமைகள் தானாக இறங்கும் நேரம் வந்தது. போயிற்று. கோகிலவாணி தெருவில் நின்றாள். முற்பகல் வெயிலை அவள் ஒன்றரை வருடமாகப் பார்த்திருக்கவில்லை. சுவர்களெல்லாம் யாரோ இப்போதுதான் கழுவிவிட்டது மாதிரி இருந்தன. ஐந்தாவது தெருவின் பெயர் ஞாபகம் வந்தது. ஆறாவதும் வந்தது. அங்கே சாக்கடை இன்னும் அதே இடத்தில்தான் அடைத்திருந்தது.

பேரூராட்சிக் கூட்ட அரங்கில் சென்னியப்பன் ஏழாவது வார்டு நாற்காலியில் அமர்ந்து, முதல் கொட்டாவியை மூக்கு வழியாக விட்டார். இரண்டாவதை இருமலாக மாற்றினார். மூன்றாவதற்கு மாற்று எதுவும் கிடைக்கவில்லை.

“என்னங்க, ஒடம்புக்கு?” என்றார் தலைவர் நாச்சிமுத்து.

“ஆழ்ந்த… சிந்தனைங்க.”

தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்தார் செயல் அலுவலர் மகுடேஸ்வரன். விதிப்புத்தகத்தைச் சாமி படம் மாதிரி கையில் வைத்திருக்கும் மனிதர். நிறுத்தற்குறிகளையும் சேர்த்து வாசிப்பவர். அவர் இரண்டாவது பத்தியில் இருந்தபோது சென்னியப்பனின் மோவாய் நெஞ்சில் மோதித் திரும்பியது.

அந்நேரம் பார்த்து அலுவலகத் தட்டில் காபி வந்தது. எல்லோருக்கும் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஏழாவது வார்டுக்கு முன்னாலும் ஒன்று வைத்தார்கள்.

சென்னியப்பன் அதைப் பார்த்தார். ஆவி பறந்தது. பிரணவ் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது: ஒரு காபி, கதவு சாத்திக்கொள்ளும், கொஞ்ச நேரம் தாங்கும். கொஞ்ச நேரம் போதும், ஒரு தரம் கை தூக்க எத்தனை நேரம் ஆகிவிடும்? அவர் விரல்கள் மேசைமேல் மெல்ல நகர்ந்து டம்ளரைத் தொட்டன.

“அட, செம்மல் காபி குடிக்கப் போறாருங்கோ!” என்றார் ஷகிலா பானு, உண்மையான மகிழ்ச்சியோடு.

அரங்கம் திரும்பியது. கேபிள்காரர் கேமராவைத் தூக்கினார். பின்வரிசையில் மாலை விழாவுக்கான பதாகை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ‘துறந்த’ என்ற சொல் மட்டும் வெளியே தெரிந்தது.

“சூடா இருக்குதான்னு… பாத்தேன்” என்றார் சென்னியப்பன். விரல்களை எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்தபோது அவர் முகத்தில் இருந்தது வீரம்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே முகத்தோடு கண்கள் மூடின. தலை பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தது.

“கண்ணை மூடிட்டு யோசிக்கறாரு” என்றார் நாச்சிமுத்து அவசரமாக. “வாசிங்க, வாசிங்க. ஓட்டுக்கு விட்டுரலாம்.”

குறட்டை வந்தது. முதலில் சிறிதாக, பிறகு ஜன்னல் கண்ணாடிகள் கவனிக்கும் அளவுக்கு.

குங்குமத் தட்டோடு கோகிலவாணி உள்ளே வந்தபோது யாரும் அவளை உடனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பதவியேற்பு விழாவுக்குப் பிறகு அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. நேராக மகுடேஸ்வரனிடம் போனாள்.

“சார், விழிப்பு உறுப்பினர் விதியைக் கொஞ்சம் வாசிங்க.”

“அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?” என்றார் நாச்சிமுத்து.

“உறுப்பினர் தரப்புல விதியை வாசிக்கச் சொன்னா வாசிக்கணும். அதுவும் ஒரு விதி” என்ற மகுடேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவர் வாழ்க்கையில் விதிப்புத்தகத்தைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. “இணைந்த இருவரில், கூட்டத்தின்போது விழித்திருப்பவரே உறுப்பினர்.” நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “அம்மா விழிச்சிருக்கீங்களா?”

“நல்லாவேங்க.”

“அப்ப நீங்கதான் உறுப்பினர்.”

“எழுப்புங்கப்பா அவரை!” நாச்சிமுத்து எழுந்தேவிட்டார். இரண்டு பேர் சென்னியப்பனின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். சென்னியப்பன், “எல்லோருக்கும் வணக்கம்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத் திரும்பவும் குறட்டைக்குப் போனார்.

தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவுக் கைகள் எழுந்தன. எதிர்ப்புக் கைகளும் அதே எண்ணிக்கையில் எழுந்தன. கோகிலவாணி தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வலது கையைத் தூக்கினாள். மகுடேஸ்வரன் எண்ணி முடிக்கும்வரை இறக்கவில்லை. எண்ணி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இறக்கவில்லை.

“தீர்மானம் தோற்றது.”

“ஆறாவது தெருச் சாக்கடை பத்தி ஒரு விசயம் பேசோணுங்க” என்றாள் கோகிலவாணி. அரை மணி நேரம் பேசினாள்.

மத்தியானம் பிரணவ் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். சமுதாயக் கூடத்து வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடம் கைவிட்டுப் போனதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. விற்பனைப் பயிற்சி அப்படி.

“மேடம், வாழ்த்துகள். இப்போ நீங்கதான் விழிப்பு உறுப்பினர். ஒரு சின்ன யோசனை. ஏற்பாட்டை அப்படியே திருப்பிடலாம். இனிமே சார் தூங்கட்டும், நீங்க முழிச்சிருங்க. உங்களை மாதிரி ஒருத்தர் இருபத்திநாலு மணி நேரமும் முழிச்சிருந்தா அடுத்த தேர்தல்ல தலைவர் நீங்கதான். விளம்பரம் நாங்க பார்த்துக்கறோம்.”

கோகிலவாணி ஒரு நிமிடம் யோசித்தாள். பொய் எதற்கு, நன்றாகவே யோசித்தாள். இரவும் பகலும் அவளுடையதாக இருக்கும். தெருத்தெருவாகப் போகலாம். தாரணியோடு எத்தனையோ பேசலாம். வீட்டுக்காரர் கேட்டால் சொல்வதற்கு அந்த மனிதரே ஒரு பதில் வைத்திருக்கிறார்: நீ குடும்பம்.

“அவருக்கு என்ற கனவு வருமா?” என்று கேட்டாள்.

“வரும் மேடம். அது இலவசம்.”

பந்தலுக்குள் பார்த்தாள். எழுப்ப முடியாமல் நாலு பேர் சென்னியப்பனை அந்த நாற்காலியோடு தூக்கி வந்து மேடையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாய் இன்னும் திறந்திருந்தது. இன்று காலைவரை அந்த வாய் எத்தனை பெரிதாக இருந்தது என்று நினைத்தாள். இப்போது ஓர் ஈ உட்கார்ந்து எழுந்து போயிற்று.

“ரெண்டையும் எடுத்துருங்க” என்றாள்.

“மேடம்?”

“வில்லை. என்றதும் அவருதும். விண்ணப்பம் விழிப்பு உறுப்பினர் கொடுத்தாப் போதுமில்ல? நான் கொடுக்கறேன்.”

“இன்னிக்கு நீங்க குடிச்சிருக்கற காபிக்கு, மேடம், வில்லையை எடுத்தப்புறம் கதவுக்கு வெளியில சேரற உங்க சாம்பலெல்லாம் ராத்திரி மொத்தமா உங்க தலைமேல விழும்.”

“என்றதுதான? நானே கூட்டிக்குவேன்.”

வில்லை இருந்த இடத்தில் காதுக்குப் பின்னால் ஒரு வெளுத்த வட்டம் இருந்தது. தாரணி பள்ளியிலிருந்து வந்ததும் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறாவது தெருச் சாக்கடையைப் பற்றிய முழுக் கதையையும் கேட்டாள். நடுவில் கேள்விகூடக் கேட்டாள்.

விழாவை நிறுத்த முடியவில்லை. பந்தல் போட்டாயிற்று, சாப்பாடு இறங்கியாயிற்று, ஊரே கூப்பிட்ட மரியாதைக்கு வந்துவிட்டது. ‘தூக்கம் துறந்த செம்மல்’ என்ற பதாகைக்கு நேர் கீழே செம்மல் தூங்கிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து பட்டயத்தை வாசித்தபோது குரலைத் தாழ்த்தித்தான் வாசித்தார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. பொன்னாடை போர்த்தும் கட்டம் வந்தது. வெள்ளியங்கிரி செம்மலின் கழுத்தில் போட்டுப் பார்த்தார், நழுவியது. கடைசியில் சிவகாமிதான் மேடையேறி அதை விரித்து, கழுத்திலிருந்து கால்வரை ஒழுங்காகப் போர்த்திவிட்டாள். ஊஞ்சக்காட்டில் இதுவரை போர்த்திய பொன்னாடைகளில் யாருக்காவது உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

பொழுது சாய்ந்தது. வெள்ளியங்கிரி தன் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லியிருந்த காபி பெரிய பாத்திரத்தில் வந்து இறங்கியது. முதல் டம்ளரை அவரே எடுத்து, முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த கோகிலவாணியிடம் நீட்டினார்.

“காலையில ரெண்டு டம்ளர் குடிச்சியே அம்மிணி. எங்க ஊட்டுக் காபி. எடுத்துக்க.”

“வேண்டாமுங்கய்யா.”

“மறுபடியுமா? இப்ப யாரு குடிக்கக் கூடாதுன்னு சொன்னது?”

“நான்தானுங்க. ராத்திரி தூங்கோணும்.”

வெள்ளியங்கிரியின் மீசை ஏறியது. டம்ளரை வைத்தார். கைப்பேசியை எடுத்தார். காலையில் பலன் கொடுத்த எண்ணை அழுத்தினார்.

மேடையில், பொன்னாடைக்கு அடியில் எங்கேயோ, மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சென்னியப்பன் ஆடையை இழுத்துத் தலை வரைக்கும் மூடிக்கொண்டு நாற்காலியிலேயே அந்தப் பக்கம் திரும்பிச் சாய்ந்துகொண்டார்.